டானர் தீட்டிய மரியாள்: நிறமும் பொருளும்

சமய ஓவியம் ஒன்றை மாணவர் முன் வைத்து, "இதில் நீங்கள் காண்பது யாது?" என்று வினவினால், நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கண்டதைக் கூறும் விடையன்று, கற்றதைக் கூறும் விடையே. நீலம் விண்ணகத்தைக் குறிக்கும், சிவப்பு குருதியைக் குறிக்கும், வெண்மை தூய்மையைக் குறிக்கும், பொன் இறைமாட்சியைக் குறிக்கும் என்று ஒரு பட்டியல் விரைந்து ஒப்பிக்கப்படுகிறது. இப்பட்டியல் முற்றிலும் பிழையானதென்று நாம் கூறவில்லை. ஆயின் இப்பட்டியல் கையில் இருக்கும்வரை ஓவியத்தை நோக்க வேண்டிய தேவையே எழுவதில்லை என்பதுதான் குறை. திருமறைப் பகுதியைக் கற்பிக்கும்போது, அகராதிப் பொருளை மட்டும் கொண்டு அருளுரை ஆயத்தம் செய்யலாகாது என்றும், சொல் நிற்கும் இடத்தை நோக்கியே பொருள் காணவேண்டும் என்றும் நாம் ஓயாது வற்புறுத்துகிறோம். அவ்விதி நிறத்திற்கும் பொருந்தும். இதனை ஓர் ஓவியத்தின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்டது ஹென்றி ஒசாவா டானர் 1898ஆம் ஆண்டில் தீட்டிய "மங்கள வார்த்தை" ஓவியம். லூக்கா முதல் அதிகாரத்தில் காபிரியேல் தூதன் மரியாளிடம் வந்த நிகழ்ச்சியே அதன் பொருள். சீர்திருத்தத் திருச்சபையின் மரபில் வளர்ந்த ஒருவர் மரியாளைத் தீட்ட முற்பட்டபோது எதனை விலக்கினார், எதனை வைத்துக்கொண்டார் என்பது அருளுரைப் பணியில் உள்ள நமக்குப் பயன் தரும் ஆய்வென்று கருதுகிறோம்.

ஓவியரும் ஓவியமும்

டானர் 1859இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தை பெஞ்சமின் டக்கர் டானர், ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோப்பல் திருச்சபையின் குருவானவராயிருந்து 1888இல் பேராயராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். தாய் சாராள், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, சிறுமியாயிருக்கும்போதே வடக்கே பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். டானர் பிலடெல்பியாவின் கலைக்கழகத்தில் தாமஸ் ஈக்கின்ஸ் என்பாரிடம் பயின்றார். தம் இனத்தார்க்குத் தாய்நாட்டில் நேர்ந்த இழிவுகளைத் தாங்கிக்கொண்டு ஓவியப் பணி செய்வது கடினமாயிருந்தமையால் 1891இல் பாரிசுக்குச் சென்றார்; 1937இல் இறக்கும்வரை பிரான்சே அவர் வாழ்விடமாயிற்று. அவர் தீட்டிய "லாசருவின் உயிர்ப்பு" 1897இல் பிரெஞ்சு அரசால் வாங்கப்பட்டது. அதே ஆண்டில் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் பயணம் செய்து, திரும்பி வந்தபின் தீட்டியதே நாம் கூறும் ஓவியம். 1898இல் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட இது, 1899இல் பிலடெல்பியாவின் வில்ஸ்டாக் சேகரிப்புக்காக வாங்கப்பட்டு, இன்று அந்நகரின் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரமும் 181 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது.

பொருள் கூறுமுன் உள்ளதைக் காண்போம். கல்வளைவு கொண்ட ஓர் எளிய அறை. தரை கல் பாவியது. அதன்மேல் விரிப்பு ஒன்று மடிந்து கிடக்கிறது. கலைந்த படுக்கையின் விளிம்பில் ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். வெளிறிய நிறத்தில் கோடுகள் ஓடும் தளர்ந்த அங்கி மடிப்புமடிப்பாக அவளைச் சூழ்ந்திருக்கிறது. அதன் கீழிருந்து ஒரு காலின் விரல்கள் தெரிகின்றன. கைகள் மடிமேல் கோத்திருக்கின்றன. தலை சற்றே சாய்ந்து, கண்கள் இடப்பக்கம் நோக்குகின்றன. அங்கே ஒரு தூணைப்போல் பொன்னிற ஒளி நிற்கிறது. அவளுக்குப் பின்னே செந்நிறத் திரைத்துணி தொங்குகிறது. வலது ஓரத்தில் நீலத் துணி ஒன்று கிடக்கிறது.

இனி இல்லாதவற்றை எண்ணுவோம். தூதனுக்குச் சிறகில்லை, உடலும் இல்லை. மரியாளின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெளிவாக வரையப்படவில்லை. லீலிமலர் இல்லை. மடியில் திறந்த நூல் இல்லை. நீல மேலாடை அவள் தோளில் இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நிகழ்ச்சியைத் தீட்டியோர் ஏறக்குறையத் தவறாது வைத்த அடையாளங்களில் இத்தனையும் விலக்கப்பட்டிருக்கின்றன.

நீலத்தின் வரலாறு

மரியாளுக்கு நீலம் எவ்வாறு உரியதாயிற்று? புதிய ஏற்பாட்டில் இதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. கீழைத் திருச்சபையின் பழைய உருவங்களில் அவள் மேலாடை பெரும்பாலும் கருஞ்சிவப்பான ஊதா நிறத்தது. அது பேரரசியரின் நிறம். மேற்கே இடைக்காலத்தின் பிற்பகுதியில் நீலமே வழக்காயிற்று. விண்ணகத்தின் நிறம் என்ற விளக்கம் கூறப்பட்டது உண்மையே. ஆயின் வேறொரு காரணமும் உண்டு. மிகச் சிறந்த நீலச்சாயம், ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துப் பெறப்பட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்ற பொருளிலேயே அதற்கு அல்ட்ராமரீன் என்ற பெயர் வழங்கிற்று. அதன் விலை மிக உயர்ந்தது. 1485இல் பிளாரன்சு நகரின் அநாதை இல்லத் தலைவர், ஓவியர் கிர்லாந்தாயோவோடு ஞானியர் வணக்க ஓவியத்திற்குச் செய்த உடன்படிக்கையில், நீலம் அவுன்சுக்கு ஏறத்தாழ நான்கு பொற்காசு விலையுள்ளதாயிருக்க வேண்டுமென்று எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே மரியாளின் தோளில் நீலத்தைக் கண்ட அக்கால மக்கள் விண்ணகத்தை மட்டுமன்று, விலையையும் கண்டார்கள். தம்மிடமுள்ள விலையுயர்ந்ததை ஆண்டவரின் தாய்க்குச் சூட்டுவது பக்தியின் செயலே. அதனை நாம் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. ஆனால் அப்பக்தி செய்த ஒரு காரியத்தையும் மறைக்கலாகாது. நாசரேத்தூரின் ஏழைப்பெண், பார்ப்போர் கண்ணுக்குச் செல்வந்தர் வீட்டு மகளாக மாறினாள்.

இதற்குத் தலைசிறந்த சான்று சிமோனே மார்ட்டினி 1333இல் சியேனாப் பேராலயத்திற்காகத் தீட்டியதும் இன்று பிளாரன்சின் உபீசிக் கூடத்தில் உள்ளதுமான ஓவியம். பின்னணி முழுவதும் பொற்றகடு. நடுவே லீலிமலர்ச் சாடி. மரியாள் ஆழ்ந்த நீல மேலாடையைக் கழுத்தருகே பற்றிக்கொண்டு, அஞ்சிப் பின்வாங்குகிறாள். அவளுடைய அச்சத்தை மார்ட்டினி மிக உண்மையாகக் காட்டியிருக்கிறார். எனினும் அது அரண்மனையில் அமர்ந்த இளவரசி ஒருத்தியின் அச்சமாகவே தோன்றுகிறது.

லூத்தர் கூறிய குறை

மார்ட்டின் லூத்தர் 1521இல் மரியாளின் பாட்டுக்கு எழுதிய விளக்கவுரை நம் மாணவர் பலரும் அறிந்ததே. அதில் அவர் ஓவியரைப்பற்றியும் ஒரு குறை கூறுகிறார். மரியாளிடம் இழிவாக எண்ணத்தக்கது ஒன்றுமே இல்லாதபடி, உயர்ந்தவற்றை மட்டுமே சேர்த்து அவளைத் தீட்டுகிறவர்கள், அவளை இறைவனின் அருளுக்கு எதிரே நிறுத்தாமல் நமக்கு எதிரே நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து. அத்தகைய மரியாளைக் காணும் எளியோர் ஆறுதல் அடையாமல் அச்சமே அடைவர். மாறாக, தூதன் சென்றபின்னும் அவள் மாடுகளைக் கவனித்து, சமைத்து, பாத்திரம் துலக்கி, முன்போலவே வீட்டுவேலை செய்திருப்பாள் என்று லூத்தர் எழுதுகிறார்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் அடங்கியுள்ளது. லூக்கா 1:48இல் வரும் தபைனோசிஸ் என்ற கிரேக்கச் சொல்லை, பணிவு என்னும் நற்பண்பாகக் கொள்ளலாகாது. தாழ்த்தப்பட்ட, மதிப்பற்ற நிலையாகவே கொள்ளவேண்டும் என்று லூத்தர் வாதிடுகிறார். மரியாள் தன் பணிவை மெச்சிப் பாடவில்லை. தன் இழிநிலையை இறைவன் நோக்கினார் என்றே பாடுகிறாள். நமது பழைய தமிழ்த் திருப்புதலில் இவ்விடத்தில் "தாழ்மை" என்ற சொல் உள்ளது. அச்சொல் இரு பொருளையும் தாங்கவல்லது. ஆயின் நம் சபைகளில் "தாழ்மை" என்றவுடன் அடக்கமுள்ள குணம் என்ற பொருளே நினைவுக்கு வருவதால், லூத்தர் கடிந்துகொண்ட பிழையில் நாமும் எளிதில் விழுகிறோம். பெண்களுக்கு அருளுரை கூறும்போது, "மரியாளைப்போல் தாழ்மையாயிருங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்வது இதன் விளைவே.

லூத்தர் உருவங்களை உடைக்கச் சொன்னவர் அல்லர். 1522 மார்ச்சில் விற்றன்பர்க்கில் அவர் ஆற்றிய எட்டு அருளுரைகளில், உருவ வழிபாட்டை நெஞ்சத்திலிருந்து அகற்றாமல் சுவரிலிருந்து மட்டும் அகற்றுவது பயனற்றதென்று உணர்த்தினார். கால்வினோ தம் போதனை நூலின் முதற்பகுதியில் இதைவிடக் கடுமையான நிலையை மேற்கொண்டார். இவ்விரு மரபுகளின் பிள்ளைகளாகிய நாம், ஓவியத்தை ஐயத்தோடு பார்க்கப் பழகியுள்ளோம். ஆனால் லூத்தரின் குறையைக் கூர்ந்து நோக்கினால், அது ஓவியத்தை ஒழிக்கச் சொல்லும் குறையன்று. ஓவியத்தைத் திருத்தச் சொல்லும் குறையே. டானரின் ஓவியம், 377 ஆண்டுகளுக்குப்பின், அத்திருத்தத்தைச் செய்கிறதென்பது நமது கருத்து. டானர் லூத்தரின் நூலைப் படித்துத் தீட்டினார் என்று நாம் கூற வரவில்லை. இருவரும் ஒரே அதிகாரத்தை மெய்யாக வாசித்தார்கள் என்பதே நாம் கூறுவது.

கிடக்கும் நீலம்

மீண்டும் நீலத்துணிக்கு வருவோம். டானர் நீலத்தை அறவே ஒழித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஓரத்தில் வைத்திருக்கிறார். மரபை அறிந்தவர் கண் அதனை உடனே தேடிக் கண்டுகொள்ளும். அந்நீலம் மரியாளுக்குரியதே, எனினும் இவ்வேளையில் அவள் அதனை அணிந்திருக்கவில்லை. இறைவனின் சொல் வந்தபோது அவள் திருச்சபை பின்னாளில் சூட்டிய சிறப்பு எதனையும் அணிந்தவளாக இல்லை; உறக்கத்திலிருந்து எழுந்த கோலத்தில், கலைந்த படுக்கையில், ஒரு சிறுமியாக இருந்தாள். முதலில் அருள், பின்னரே சிறப்பு. நீலத்தின் பொருள் அகராதியில் உள்ள "விண்ணகம்" என்பதோடு முடிந்திருந்தால், அது தோளில் இருந்தாலும் ஓரத்தில் கிடந்தாலும் ஒன்றே. நிற்கும் இடம் மாறியதால் அதன் பொருள் மாறுகிறது.

செந்நிறத் திரைக்கும் இவ்வாறே கூறலாம். அதனைக் கண்டவுடன் சிலுவையின் குருதி என்று முடிவு கட்டுவோர் உண்டு. நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் அத்திரை முதலில் செய்யும் வேலை வேறு. அறையின் கல்லும் மண்ணும் மங்கிய பழுப்பாக இருக்க, அவ்வெளிய உருவத்தைச் செந்நிறம் பின்னிருந்து தாங்கி, அதற்கு வெப்பமளிக்கிறது. அவளுக்கு அரியணை இல்லை, விதானம் இல்லை; ஏழை வீட்டின் துணியே அவளுக்குப் பின்னணியாகிறது. மேலும், ஒளித்தூணுக்கருகே சுவரில் குறுக்காக அமைந்த பலகை அவ்வொளியோடு சேர்ந்து சிலுவை உருவாகத் தோன்றுகிறதென்று விளக்குவோரும் உளர். அவ்வாறு காண்பதற்கு இடமுண்டு. ஆயினும், மாணவர்களே, அப்பலகையின்மேல் ஓர் அருளுரையைக் கட்டவேண்டாம். திருமறையில் ஒவ்வொரு முளைக்கும் ஆணிக்கும் ஞானப்பொருள் கண்டு களைத்த வரலாறு நமக்கு உண்டு. ஓவியத்திலும் அப்பிழை வேண்டா.

ஒளியும் சொல்லும்

இவ்வோவியத்தின்மேல் சாற்றத்தக்க மெய்யான குற்றம் ஒன்று உண்டு. அதனை மறைத்துப் பாராட்டு மட்டும் கூறுவது திறனாய்வாகாது.

லூக்காவில் காபிரியேல் பேசுகிறான். அவனுக்குப் பெயர் உண்டு, அவன் சொல்லுக்கு மறுமொழி கூறப்படுகிறது, உரையாடல் நிகழ்கிறது. மேலும், 29ஆம் வசனத்தில் மரியாள் கலங்கியது எதனால்? நமது பழைய திருப்புதலில் அவள் தூதனைக் "கண்டு" கலங்கியதாக ஒரு சொல் உள்ளது. அச்சொல் பிற்காலக் கையெழுத்துப் படிகளில் காணப்படுவது. மிகப் பழைய படிகளில் இல்லை. அவள் கலங்கியது சொல்லினாலேயே. 12ஆம் வசனத்தில் சகரியா கண்டு கலங்கினான். மரியாளோ கேட்டுக் கலங்கினாள். லூக்கா இவ்வேறுபாட்டைக் கருதியே எழுதினார் என எண்ண இடமுண்டு. அவ்வாறாயின், வாயற்ற ஒளியைத் தீட்டிய டானர், கேள்வியினால் வரும் விசுவாசத்தைக் காட்சியினால் வரும் அனுபவமாக மாற்றிவிட்டாரோ? மார்ட்டினியின் ஓவியத்தில் தூதனின் வாயிலிருந்து மரியாளை நோக்கி, அவன் வாழ்த்துரையின் எழுத்துகள் பொன்னில் புடைத்துச் செல்கின்றன. நாம் குறைகூறிய அப்பழைய ஓவியரே சொல்லுக்கு அதிக மதிப்பளித்தார் என்று ஒருவர் வாதிட்டால், அதனை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் மரியாளின் முகத்தை மறுபடியும் நோக்குமாறு வேண்டுகிறோம். பேரொளியைத் திடீரெனக் காண்பவர் கண்ணை மறைப்பார், அல்லது முகத்தைத் திருப்புவார். இவள் அவ்வாறு செய்யவில்லை. மண்டியிடவும் இல்லை. தலையைச் சற்றே சாய்த்து, கைகோத்து, அசையாமல் இருக்கிறாள். இது கூசும் கண்ணின் நிலையன்று. கேட்டதை எண்ணிப்பார்க்கும் செவியின் நிலை. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ரொபேர்த்தோ கரச்சோலோ என்ற அருளுரையாளர், தூதனின் முன்னே மரியாள் அடைந்த நிலைகளை ஐந்தாக வகுத்தார். முதலாவது கலக்கம், இரண்டாவது சிந்தனை, மூன்றாவது வினவல், நான்காவது ஒப்புக்கொடுத்தல், ஐந்தாவது தூதன் சென்றபின் அவள் அடைந்த பேறு. ஓவியர் பலரும் முதலாவதையோ நான்காவதையோ தேர்ந்தனர். அஞ்சும் பெண்ணையும் பணியும் பெண்ணையும் தீட்டுவது எளிது. டானர் தேர்ந்தது இரண்டாவது நிலை. மூன்றாவதை நோக்கி நகரும் வேளை. "இது எப்படியாகும்?" என்ற வினா அவள் உதட்டுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் உள்ளத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. கேட்டதைச் சீர்தூக்கிப் பார்க்கும் பெண்ணைக் காட்டியதால், ஓவியர் சொல்லை ஒளியின் பக்கத்தில் எழுதாமல் கேட்பவளின் முகத்தில் எழுதினார் எனலாம். ஆகவே மேற்கூறிய குற்றம் முற்றிலும் நீங்காவிடினும் பெரிதும் குறைகிறது. எஞ்சியதை ஈடுசெய்வது அருளுரையாளரின் பொறுப்பு. ஓவியத்தால் பேச இயலாது. பேசும் பணி நம்மிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.

மற்றொரு குறையும் கூறவேண்டும். அறை, விரிப்பு, கோடிட்ட அங்கி ஆகியவை 1897இல் ஓவியர் பயணத்தில் கண்ட கீழை நாட்டின் சாயலுடையவை. முதல் நூற்றாண்டு நாசரேத்து அவ்வாறே இருந்ததென்று கொள்ள இயலாது. அக்காலத்து மேலை ஓவியர் பலர், பாலஸ்தீனத்து மக்களைக் காலத்தால் மாறாத திருமறை மாந்தராகவே கருதினர். டானரும் அக்கருத்துக்கு முழுவதும் விலகியவர் அல்லர். ஆனால் அவருடைய நோக்கம் வியப்பூட்டும் வேற்று நாட்டுக் காட்சியன்று. அவர் தேடியது ஒரு யூதச் சிற்றூர்ப் பெண்ணை, இத்தாலியப் பெருமாட்டியையன்று.

அடிமை என்னும் சொல்

38ஆம் வசனத்தில் மரியாள் தன்னை டூலே என்கிறாள். அக்கிரேக்கச் சொல்லுக்கு நேர்பொருள் அடிமைப்பெண் என்பதே. பழைய ஆங்கிலத் திருப்புதல் பணிப்பெண் என்று பொருள்படும் மென்மையான சொல்லை இட்டது. நமது தமிழ்த் திருப்புதலோ "அடிமை" என்றே நேராக எழுதிற்று. இது நம் முன்னோரின் நேர்மை.

அச்சொல்லை டானர் எவ்வாறு கேட்டிருப்பார்? அவருடைய தாய்க்கு அது உவமையன்று; பிறப்பிலேயே சட்டம் அவர்மேல் எழுதிய பெயர். அவருடைய தந்தையின் திருச்சபை எவ்வாறு தோன்றிற்று என்பதும் நினைவுகூரத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் தூய ஜார்ஜ் மெதடிஸ்டு ஆலயத்தில் கறுப்பின மக்கள் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போதே இழுத்து எழுப்பப்பட்டனர். அடிமையாகப் பிறந்து தன்னை விடுவித்துக்கொண்ட ரிச்சர்டு ஆலன் அவர்களோடு வெளியேறினார். 1816இல் அவர் தலைமையில் அத்திருச்சபை முறையாக அமைந்தது. மனிதருக்கு அடிமையாயிருக்க மறுத்து, ஆண்டவருக்கு மட்டுமே அடிமை என்று அறிக்கையிட்ட மக்களின் வழிவந்தவர் இவ்வோவியர். இச்சொல்லின் இருபுறமும் அறிந்த வீட்டில் அவர் வளர்ந்தார்.

இதனை அறிந்தபின் மரியாளின் கோத்த கைகளும் அங்கியின் கீழ்த் தெரியும் கால்விரல்களும் வேறாகத் தோன்றுகின்றன. அவள் ஒப்புக்கொடுக்கப் போகிறாள். ஆயினும் எண்ணிப்பார்த்த பின்னரே. அடிமைக்கு எண்ணிப்பார்க்க வேளை கொடுப்போர் உலகில் இல்லை, கட்டளையிட்டவுடன் எழவேண்டும். இங்கோ ஒளி காத்து நிற்கிறது. அது அறையின் ஓரத்திலேயே நிற்கிறது. அவளை நெருங்கவில்லை, சூழ்ந்து விழுங்கவில்லை. ஆண்டவர் தம் அடிமையின் மறுமொழிக்குக் காத்திருக்கிறார். ஆண்டவர் என்னும் சொல்லுக்கும் அடிமை என்னும் சொல்லுக்கும் உலகம் இட்ட பொருளை இக்காத்திருத்தல் மாற்றிவிடுகிறது. இதுவே இவ்வோவியத்தின் நற்செய்தி என்று நாம் துணிந்து கூறுவோம்.

நமது மேடை

தமிழில் நிறம் என்னும் சொல் சாயத்தையும் குறிக்கும், மேனியையும் குறிக்கும். ஆகவே இக்கட்டுரையை ஓவியத்தோடு முடித்துவிட நமக்கு உரிமையில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சபையில் நாம் ஆயராயிருந்தபோது, கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். மரியாளின் பாட்டைப் பிழையின்றி, பொருளுணர்ந்து பாடத்தெரிந்த பிள்ளை ஒருத்தியே. அவள் ஊருக்கு வெளியே குடியிருந்தோர் வீட்டுப் பெண், நிறம் கறுப்பு. "நீலச்சேலைக்குச் சற்றுச் சிவப்பான பிள்ளையாயிருந்தால் எடுப்பாயிருக்கும்" என்று ஒருவர் கூறினார். ஒருவரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. நாடகத்தன்று அப்பெண் திரைக்குப் பின்னால் நின்று பாடினாள். மேடையில் நீலச்சேலை உடுத்திய மற்றொரு பிள்ளை வாயசைத்தாள். சபையார் மகிழ்ந்தனர். நாம் ஆசீர்வாதம் கூறி முடித்தோம்.

லூக்கா முதல் அதிகாரத்தை அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறோம். இறைவன் நோக்கிப்பார்த்த தாழ்நிலை எது என்று கேட்டால், கிரேக்கச் சொல்லோடு விளக்கமும் கூற அன்றே நமக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது நம் கண்ணெதிரே, திரைக்குப் பின்னால் நின்றபோது நாம் காணவில்லை. நீலச்சேலையின் பொருளைத்தான் கண்டோம். டானரின் ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை நாம் முதன்முதலாகப் பார்த்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்பு. ஓரத்தில் கிடக்கும் அந்நீலத்தைக் கண்டபோது நம் நினைவுக்கு வந்தது லூத்தர் அல்லர், அச்சிறுமியே. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே ஊழியத்திற்கு ஆயத்தப்படும் மாணவர்களுக்கும் உடன்பணியாளர்க்கும் நாம் கூற விரும்புவன சில. ஆலயத்தில் ஓர் ஓவியத்தை வைக்குமுன், அல்லது அதனை விளக்குமுன், நிறத்திற்குப் பொருள் தேடுவதற்கு முன்பாக, அதில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். பின்பு மரபு எதிர்பார்த்தும் அங்கில்லாததையும் சொல்லிப் பாருங்கள். அதன்பின் திருமறைப் பகுதியைத் திறந்து, ஓவியர் எந்த வசனத்தில் நிற்கிறார், எதனை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். அவர் வசனத்துக்கு மாறுபட்டால் அதனை வெளிப்படையாகக் கூறுங்கள். இறுதியாக, அவ்வோவியத்தின் முன்னே அமரும் உங்கள் சபையாரில், தன் முகத்தை அதில் காணக்கூடியவர் யார், காண இயலாமல் தலைகவிழ்பவர் யார் என்று நோக்குங்கள்.

வருகிற அட்வெந்துக் காலத்தில் நம்மில் பலர் லூக்கா முதல் அதிகாரத்தை மீண்டும் பிரசங்கிப்போம். நாடகத்திற்கும் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்போம். பாடத் தெரிந்தவள் பாடட்டும். அவளே மேடையில் நிற்கட்டும். நீலச்சேலை கிடைத்தால் உடுத்தட்டும். கிடைக்காவிடில் வீட்டிலிருந்து உடுத்திவந்த ஆடையே போதும்.